மேற்கு ஜன்னலுக்கு முழு இருட்டு

ஊரில் யார் எத்தனை மணிக்கு வாயைத் திறக்க வேண்டும் என்று தீர்மானிக்கிறவள் அவள்தான். பல் ஆஸ்பத்திரியில் முன்மேஜை வேலை. பத்தேகாலுக்குக் கடைவாய்ப்பல், பத்தேமுக்காலுக்கு வேர் சிகிச்சை என்று அடுத்தவர்களுக்கெல்லாம் நேரம் ஒதுக்கித் தருகிற அந்தப் புண்ணியவதிக்கு, சொந்தப் புருஷனோடு உட்கார்ந்து பேசக் கிடைத்தது நாளைக்கு ஒரே ஒரு மணி நேரம்.

புருஷன் ரொட்டிக்காரர். ராத்திரி முழுக்க பேக்கரி அடுப்பு முன்னால் நின்றுவிட்டுக் காலை ஏழு மணிக்கு வீட்டுக்கு வருவார். ஏழேகாலுக்கு அவள் கிளம்ப வேண்டும். வாசலில் ஒருத்தர் செருப்பைக் கழற்றும்போது இன்னொருத்தர் மாட்டிக்கொண்டிருப்பார். "சாப்பாடு மேஜை மேல இருக்கு." "ம்." காலைக் குடித்தனம் அத்தோடு முடிந்தது. ஊர் என்றைக்கு ரொட்டி தின்னாமல் இருந்தது, அவருக்கு லீவு கிடைக்க? சாயங்காலம் நாலரைக்கு அவள் திரும்பி வருவாள், ஐந்தரைக்கு அவர் கிளம்பிவிடுவார். இடையில் இருக்கிற அந்த ஒரு மணி நேரம்தான் அவர்களுடைய கல்யாண வாழ்க்கை.

படுக்கையறை ஜன்னல் மேற்குப் பார்த்தது. பழைய மெல்லிசுத் துணி ஒன்று பேருக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. நாலு மணி ஆனால் வெயில் அதைச் சட்டை செய்யாமல் உள்ளே வந்து நேராக ரொட்டிக்காரர் முகத்தில் விழும். அவள் வீட்டுக்குள் நுழையும்போது தலை கலைந்து, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார்.

"இந்த வெயிலுக்கு வேற வீடே கிடைக்கலையா? தேடி வந்து என் மூக்கு மேல உக்காருது. வாடகையாவது தருதா?"

அவள் சிரிப்பாள், டீ போடுவாள். வெயிலில் ஆரம்பித்த பேச்சு மாவு மூட்டைக்குப் போகும், முதலாளியின் புது மீசைக்குப் போகும், பல் பிடுங்க வந்து அழுத போலீஸ்காரரிடம் போகும். ஐந்தரைக்கு அவர் வாசலைத் தாண்டும்வரை அது முடியாது. மூன்று வருஷமாக இப்படித்தான்.

ஒரு நாள் அவளுக்கு மனசு கேட்கவில்லை. பாவம், நாள் தவறாமல் புலம்புகிற மனுஷனுக்கு நிம்மதியாகத் தூங்க ஓர் இருட்டு வாங்கித் தர வக்கில்லையா நமக்கு? போனாள் திரைக்கடைக்கு.

திரைக்கடை அக்காவுக்கு வாய் நீளம், அளவு டேப் அதைவிட நீளம். எல்லாக் கடையிலும் என்ன நிறம் வேண்டும் என்று கேட்பார்கள். இந்த அக்கா வீட்டுக்கே வந்து, டேப்பைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு, "இந்த ரூம்ல யாரு, எந்த நேரத்துல இருப்பீங்க?" என்று விசாரித்தார். ஹாலுக்கு ஐந்து நிமிஷத்தில் முடிவானது: தெருவில் போகிறவர்களுக்கு உள்ளே தெரியாத, உள்ளே இருக்கிறவர்களுக்குத் தெரு தெரிகிற மெல்லிய வெள்ளை. சமையலறைக்குத் துடைத்தால் போதும் என்கிற மாதிரி சுருட்டி ஏற்றும் திரை. படுக்கையறைக்குத்தான் மூன்று தடவை கடைக்கு நடந்தாள். ஒவ்வொரு துணிக்குப் பின்னாலும் போன் டார்ச்சைப் பிடித்துப் பார்த்தாள். ஊசி முனை வெளிச்சம் தெரிந்தாலும் "ஊஹூம், அடுத்தது" என்றாள்.

"முழு இருட்டு எல்லாருக்கும் ஒத்துக்காதும்மா. வீட்டுக்காரரை ஒரு வார்த்தை கேட்டுக்க" என்றார் அக்கா.

"மூணு வருஷமா கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன். நீங்க கம்பியை மாட்டுங்க அக்கா."

ரொட்டிக்காரர் வேலைக்குப் போன பிறகு ஒரு சாயங்காலம் அக்காவே டிரில்லைப் பிடித்து வேலையை முடித்தார். ஓரத்தில் வெளிச்சம் கசியாதபடி இரண்டு முனையிலும் சுவரைப் பார்த்து வளைந்த கம்பி, ஜன்னலுக்கு ஒரு சாண் மேலே. ஜன்னலைப் போல் இரண்டு மடங்கு அகலத்துக்குக் கருநீலத் துணி, பின்னால் இரட்டை லைனிங், தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்கிற கீழ் மடிப்பு. திரையை இழுத்து மூடினால் சொந்தக் கை தெரியவில்லை. நடுவில் இரண்டு துணியும் சேருகிற இடத்தில் சந்தேகத்துக்கு ஒரு ஊக்கையும் குத்திவிட்டாள். மறுநாள் காலையில் ரொட்டிக்காரர் வந்து பார்த்து, துணியைத் தொட்டுத் தடவி, மேலே கம்பிக்கும் கீழே மடிப்புக்குமாகக் கண்ணை ஓட்டினார்.

"அடேங்கப்பா" என்றார் கடைசியில். "ரொம்ப நல்லாருக்கு."

மனுஷனுக்குப் பேச்சே வரவில்லை, பார்த்தியா, என்று அவள் பூரித்துப்போனாள். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அந்தத் திரையின் பெருமையைக் கேட்காத ஆள் இல்லை. வாயில் பஞ்சோடு உட்கார்ந்திருந்த ஒருவர்கூடத் தப்பவில்லை, பாவம்.

நாலரைக்கு வீட்டுக்கு வந்தாள். குறட்டைச் சத்தம் வாசலுக்கே கேட்டது. தூங்கட்டும் தூங்கட்டும் என்று பூனை மாதிரி நடந்து, ஐந்தேகாலுக்குத்தான் மனசு வந்து எழுப்பினாள். அவர் அடித்துப் பிடித்து எழுந்து, பாதி முகம் கழுவி ஓடினார். ஓடும்போதே, "என்னா தூக்கம்! இப்படித் தூங்கி எத்தனை வருஷமாச்சு!" என்று கத்திவிட்டுப் போனார். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டாம் நாளும் அதே கதை. மூன்றாம் நாள் பெருமை கொஞ்சம் இறங்கியது. நாலாம் நாள் தனியாக உட்கார்ந்து டீ குடித்தாள்.

அலாரம் வைக்க வேண்டியதுதானே என்பீர்கள். வைக்காமலா? ஆனால் இருபது வருஷமாக மணி அடித்தால் அடுப்பைத் திறக்கிற கை அது. அலாரம் அடித்ததும் ரொட்டிக்காரர் கனவிலேயே எழுந்து, கனவிலேயே தட்டுகளை வெளியே இழுத்து வைத்துவிட்டு, வேலை முடிந்த திருப்தியில் புரண்டு படுத்தார். பக்கத்து வீட்டுக்காரர்தான் விழித்துக்கொண்டார்.

வாரக் கடைசியில் அவள் கணக்குப் பார்த்தாள். ஆறு நாளில் அவர்கள் பேசியது மூன்றே மூன்று விஷயம்: துண்டு எங்கே, டீ ஆறிடுச்சு, வரேன். ஆசை ஆசையாகப் போய்ச் சக்களத்தியைக் கூட்டி வந்து, கம்பி போட்டு, வளையம் மாட்டி, படுக்கையறையிலேயே நிறுத்திவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள். யாரிடம் போய்ச் சொல்வது? ஊரெல்லாம் பெருமை பேசியாகிவிட்டது. அவரோ "என்னா தூக்கம்" என்று தினம் புகழ்ந்துகொண்டு ஓடுகிறார், அப்படிப்பட்டவரை நாலரைக்கே தட்டி எழுப்ப எப்படி மனசு வரும்? நன்றாகத் தூங்குகிற புருஷனைப் பார்த்து அழுகிற பொண்டாட்டி உலகத்தில் உண்டா? அவள் அழுதாள். தூங்குகிறவர் வேண்டாம், முழித்திருக்கிற மனுஷன் வேண்டும் அவளுக்கு. அந்த ஒரு மணி நேரம் வேண்டும்.

எட்டாம் நாள் காலையில் ஒரு திருட்டு வேலை செய்தாள். திரையை மூடும்போது ஊக்கைக் குத்தாமல், நடுவில் ஒரு கை அகலம் திறந்தபடி விட்டாள். அவசரத்தில் மறந்த மாதிரி இருக்கட்டும், மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். நாள் முழுக்க கடிகாரத்தையே பார்த்ததில் மேல்பல் ஆளுக்குக் கீழ்ப்பல் நேரத்தை எழுதிவிட்டாள்.

நாலரைக்கு மூச்சு வாங்க வீட்டுக்குள் நுழைந்தால், குறட்டை! அறையில் கும்மிருட்டு. தடவிப் பார்த்தாள். திரை இறுக்க மூடியிருந்தது, ஒரு ஊக்கு இருந்த இடத்தில் மூன்று ஊக்கு.

அவளுக்கு வந்ததே கோபம்! மூன்று ஊக்கையும் பிடுங்கிப்போட்டுத் திரையைச் சர்ரென்று இழுத்தாள். ரொட்டிக்காரர் மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்.

"எதுக்குங்க மூடுனீங்க?"

"நீதான் மூட மறந்துட்டுப் போயிட்டியே."

"நான் ஒண்ணும் மறக்கலை! வேணும்னுதான் திறந்து வச்சேன்!"

அவர் விழித்தார். "நீ ஆசையா வாங்குனது. திறந்து கெடந்தா, எனக்குப் பிடிக்காம நான்தான் திறந்தேன்னு நெனச்சுக்குவியே, மனசு கஷ்டப்படுமேன்னு மூணு ஊக்கு குத்திட்டுப் படுத்தேன்."

"அப்ப பிடிக்கலையா?"

அவர் தலையைச் சொறிந்தார்.

"என்னைப் பாத்துச் சொல்லுங்க. பிடிச்சிருக்கா, பிடிக்கலையா?"

"பிடிக்கலை. உன் மூஞ்சியைப் பாத்து எட்டு நாளாச்சு."

அவளுக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. ஆனாலும் விடுவாளா? "பின்ன மூணு வருஷமா என்னத்துக்கு அந்த வெயிலைப் போட்டு அந்தத் திட்டுத் திட்டுனீங்க?"

ரொட்டிக்காரர் தலையணையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "ராத்திரி பூரா மாவோடயும் அடுப்போடயும் கெடக்குற ஆளு நான். நீ நாலு பேரோட பேசிப் பழகுறவ. நீ உள்ள வந்ததும் என்ன பேசுறதுன்னே எனக்குத் தெரியாது. இந்த வீட்டுக்கு வந்த புதுசுல ஒரு நாள் வெயிலைத் திட்டினேன், நீ சிரிச்சே. சரி, இது நல்லாப் போகுதேன்னு அதையே பிடிச்சுக்கிட்டேன்."

"அட கிறுக்கு மனுஷா! அதுக்காக நான் கடைக்கும் வீட்டுக்குமா எத்தனை நடை நடந்தேன் தெரியுமா!" என்று தலையணையைப் பிடுங்கி அவரையே அடித்தாள். அடித்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். அப்புறம் கட்டிலில் பக்கத்திலேயே உட்கார்ந்து, போலீஸ்காரர் இரண்டாவது பல்லுக்கு வந்து மயக்கம் போட்டதில் ஆரம்பித்து, எட்டு நாள் பாக்கியை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் கேட்டார், இடையிடையே "அப்புறம்?" என்றார்.

போன் அடித்தது. மணி ஆறேகால். எதிர்முனையில் முதலாளி போட்ட கூச்சல் அவளுக்கே கேட்டது.

ரொட்டிக்காரர் அலட்டிக்கொள்ளவில்லை. "இன்னைக்குக் கொஞ்சம் லேட்டாகும் முதலாளி. வீட்டுக்கு ஆள் வந்திருக்காங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

"யாரு வந்திருக்கா?" என்றாள் அவள், வாசலைத் திரும்பிப் பார்த்து.

"நீதான்" என்றார்.