உறைவுக் காலத்தில் ஒரு திருத்தம்

குமரன் நகர் திறமூல நகர். ஓப்பன் சோர்ஸ் என்கிறார்களே, அந்தத் திறமூல மென்பொருள் எப்படியோ அப்படி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப் பதிப்பு வெளியாகும். தெருவை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். திருத்துகிறவருக்குச் சம்பளம் கிடையாது. அதனால் எல்லோருக்கும் கருத்து உண்டு.

வெளியீட்டுக்கு முன்னால் உறைவுக் காலம் வரும். அப்போது பழுது பார்க்கலாம். புதிதாக எதையும் சேர்க்கக் கூடாது. மல்லிகை மொட்டாகவே நிற்கும். தும்மல் வந்தவர்கள் மூக்கைப் பிடித்தபடி வேலைக்குப் போவார்கள்.

இந்த முறை உறைவு தொடங்கிய மறுநாள் அம்பலவாணனின் மனைவி கோமளாவுக்கு இடுப்பு வலி எடுத்தது. எடுத்த வலி அப்படியே நின்றது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிரசவம் பார்க்க வந்த நர்ஸ் கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். குழந்தை சம்மதித்தால் மட்டும் போதாது, தெருவும் சம்மதிக்க வேண்டும் என்றாள்.

வெளியீடு எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. தயாரானதும் வரும் என்றார்கள். ஆறு மாதம் என்பது பேச்சுக்கு. போன உறைவு மழையில் தொடங்கி மாம்பழக் காலத்தில் முடிந்தது.

"அதுவரைக்கும் என்னால நிக்க முடியாது. போய்ப் பேசுங்க" என்றாள் கோமளா.

வெளியீட்டைக் கவனிப்பவள் பிலோமினா அக்கா. அவள் ஒத்துக்கொள்ளாமல் தெருவில் ஒரு செங்கல் நகராது. அவள் மாடிப்படியின் அடியில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் படி ஜாபர் பாய் சேர்த்த புது வசதி. ஏறுகிறவரின் ஆர்வத்துக்கு ஏற்ப நீளும். பிலோமினாவின் கணவர் ஆர்வமானவர். போன வெளியீட்டன்று துணி காயப்போட மேலே போனார். இன்னும் போய்க்கொண்டிருக்கிறார். அவள் கூடையில் சோறு வைத்து மேலே அனுப்புகிறாள். கூடை காலியாகத் திரும்புகிறது. கயிறுதான் அடிக்கடி போதாமல் போகிறது.

அம்பலவாணன் விஷயத்தைச் சொன்னான்.

"குழந்தை புதுசா, ஏற்கெனவே இருக்கறதா?"

"புதுசுதான் அக்கா."

"அப்ப அடுத்த ரிலீஸ்ல பாப்போம் தம்பி."

அவள் சட்டையைத் திருப்பிப் போட்டாள். கோபம் ஒன்றும் இல்லை. புதிதாக வந்தது எதுவும் யாரையாவது கொண்டுபோகாமல் இருந்ததில்லை என்று மட்டும் சொன்னாள்.

தெருமுனையில் ஜாபர் பாய் அவனை நிறுத்தினார். அவன் உண்மையைச் சொல்லிவிட்டான் என்று கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார். உறைவுக் காலத்தில் எல்லாமே திருத்தம் என்றுதான் உள்ளே போகும் என்றார். அந்த மாடிப்படியையே ஒழுகும் குழாய்க்கான திருத்தமாகத்தான் சேர்த்தாராம். குழாய் இன்னும் ஒழுகுகிறது, ஆனால் இப்போது மிக உயரத்திலிருந்து ஒழுகுகிறது என்றார். அதில் அவருக்குப் பெருமை இருந்தது.

அம்பலவாணன் திரும்பிப் போய், குழந்தை ஒரு திருத்தம் என்றான்.

"எதுல பழுது?"

அவன் யோசித்தான். கோமளாவிடம் பழுது என்று சொன்னால் வீட்டுக்குப் போக முடியாது. வீட்டில் ஒரு குறையும் இல்லை. கடைசியில், "என்கிட்டதான்" என்றான்.

பிலோமினா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். பழுதை மற்றவர்களும் பார்த்திருக்க வேண்டும் என்றாள். தெரு கூடியது. குழாயைப் பார்க்கக் கூப்பிட்டால் ஒருவரும் வருவதில்லை. அன்று பால்காரர்கூட வந்தார். கூப்பிட்டால் உடனே திரும்புவதில்லை என்றார் ஒருவர். சொன்னதையே சொல்கிறான் என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்து முடித்த பிறகு சிரிக்கிறான் என்றது ஒரு குரல். எல்லோரிடமும் ஒன்று தயாராக இருந்தது. தனக்கென்று எதுவும் தோன்றவில்லை, ஆனால் சொன்னதெல்லாம் சரி என்றார் பால்காரர். நர்ஸ் வீட்டுக்குள்ளிருந்தே ஒன்று சொன்னாள். கோமளா மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு பழுதோட எப்படிப்பா ஓடிட்டு இருந்தே?" என்றாள் பிலோமினா. அதில் கொஞ்சம் மரியாதை இருந்தது. "சரி. குழந்தை உன்னோட திருத்தம். உள்ள வரட்டும்."

"அப்ப நான்?"

"ஒரே பேர்ல ரெண்டு ஓடக் கூடாது. தெரு தாங்காது. நீ பழைய பதிப்பு. உன்னை அழிக்க மாட்டோம் தம்பி. யாரு வேணாலும் எடுத்துப் பாக்கலாம்."

"யாரு எடுத்துப் பாப்பாங்க?"

"யாரும் பாக்க மாட்டாங்க."

அவன் ஜன்னலைப் பார்த்தான். கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. சரி என்றான்.

வலி நகர்ந்தது. பெண் குழந்தை பிறந்தது. அம்பலவாணன் என்று பெயர் வைத்தார்கள். அவனுடைய தட்டும் சட்டைகளும் அதற்குப் போயின. அலுவலகத்திலிருந்து ஓர் ஆள் வந்து, திங்கட்கிழமை வந்தால் போதும் என்று அதனிடம் சொல்லிவிட்டுப் போனார். தெரு அதைச் சோதித்தது. குழந்தை அழுதது. முந்தைய பதிப்பிலும் இது இருந்ததுதான் என்று விட்டுவிட்டார்கள். வெளியீடு நடந்தது. மல்லிகை மொத்தமும் ஒரே நேரத்தில் மலர்ந்தது. தெருவே தும்மியது.

அம்பலவாணன் பின்சந்துக்குப் போனான். பழைய பதிப்புகளை அங்கேதான் விடுவார்கள். நீளாத மாடிப்படி ஒன்று நின்றது. ஒழுகாத குழாய் ஒன்று இருந்தது. முன்னாள் பால்காரர்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் ஒழுங்காக வேலை செய்தன. யாருக்கும் தேவைப்படவில்லை. பால்காரர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

ஒரு மத்தியானம் கோமளா சந்துக்கு வந்தாள். அவள் தோளில் அம்பலவாணன் வீறிட்டு அழுதுகொண்டிருந்தாள்.

"நீங்க இன்னும் ஓடறீங்களா?"

"ஓடறேன்."

"இது தூங்கவே மாட்டேங்குது. புதுசு எப்பவுமே முதல்ல மக்கர் பண்ணும்னு ஜாபர் பாய் சொல்றாரு. எனக்குக் கண்ணு எரியுது. வாங்க. பின்வாசல் வழியா வாங்க, அக்கா பாத்துடப் போறாங்க."

அவன் போனான். குழந்தையை மார்பில் போட்டுத் தட்டினான். ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்று சொன்னதையே சொன்னான். அது அழுகையை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தது. அதன் மூச்சு சீரானது. கண் செருகியது.

தெருவில் ஏதோ பெரிதாகச் சரிந்து விழுந்தது. பிறகு இன்னொன்று விழுந்தது. யார் வீட்டில் இரண்டு ஓடுகிறது என்று பிலோமினா அக்கா கேட்டுக்கொண்டே வருவது கேட்டது.

கோமளா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

"அடுத்த ரிலீஸ்ல சரி பண்ணிக்குவாங்க" என்றாள். "நிறுத்தாம தட்டுங்க."