கூட்டம் கலையவில்லை

எங்கள் பள்ளியின் நிர்வாகக் குழுவில் ஓட்டெடுப்பு கிடையாது. அது எப்படி நடக்கிறது என்று சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். ஏழு பேர் வட்ட மேசையைச் சுற்றி உட்காருவோம். பேசி முடித்ததும் தலைவர் மேசைமேல் கையை வைத்து, "அப்படியே ஆகட்டும்" என்பார். எங்கள் வழிபாட்டின் கடைசி வார்த்தையும் அதுதான். பக்கத்தில் இருப்பவர் கை வைத்து அதையே சொல்வார். இப்படி ஒவ்வொருவராகச் சொல்லித் தலைவரிடம் திரும்பி வந்தால்தான் கூட்டம் கலைந்ததாகக் கணக்கு. அதுவரை எந்தத் தீர்மானமும் செல்லாது. பழைய நிலைமையே தொடரும். நான் இயற்பியல் டீச்சர். வகுப்பில் தொடர் இணைப்பு நடத்தும்போது இந்த மேசையைத்தான் உதாரணம் சொல்வேன். வரிசையாகக் கோத்த பல்புகளில் ஒன்றைக் கழற்றினால் எல்லாமே அணைந்துவிடும்.

பள்ளியைத் தொடங்கியவர்கள் ஏன் இப்படி வைத்தார்கள்? கடவுள் முன்னால் வாய்கூசாமல் சொல்ல முடியாத ஒன்றை யார்மேலும் சுமத்தக் கூடாது என்றுதான்.

தலைவர் என் அண்ணன். தலைமை ஆசிரியரும் அவரே. பள்ளிக்குள் நான் "டீச்சர்", அவர் "சார்". வாசலைத் தாண்டி அவர் காரில் ஏறிவிட்டால் நான் "பாப்பா". தலை பாதி நரைத்த பாப்பா.

அன்று மாலை வந்த தீர்மானம், எல்லோரும் கம்பி என்று கூப்பிடும் பையனைப் பற்றியது. கடைசி வகுப்பு மாணவன். ஆளும் ஒல்லி, ஆய்வகத்தில் எந்த ஒயர் அறுந்தாலும் ஒட்டவைத்துவிடுவான். இரண்டுக்கும் சேர்த்து வந்த பெயர். கேன்டீனில் ஒருவன் விடாமல் சீண்டியபோது, "ஆமாடா, எனக்குப் பையன்களைத்தான் பிடிக்கும். உன்னை இல்லை, பயப்படாதே" என்று சொல்லிவிட்டான். மறுநாளே பெற்றோர் சிலர் அண்ணன் அறைக்கு வந்துவிட்டார்கள்.

பொதுத் தேர்வைப் பள்ளி மூலமாகத்தான் எழுத முடியும். இப்போது நீக்கினால் கம்பிக்குத் தேர்வு இல்லை.

"இப்படிப்பட்ட பிள்ளைகள் நம் பள்ளியில் தொடர வேண்டாம்" என்று அண்ணன் தீர்மானத்தைப் படித்தார். குரலில் கோபம் இல்லை. அவர் சரியாகத் தூங்கவில்லை என்பது கண்ணில் தெரிந்தது. கை வைத்துச் சொன்னார். மறைநூல் வாத்தியார் சொன்னார். பெற்றோர் சார்பில் வந்த மருந்துக்கடைக்காரர் சொன்னார். மற்ற மூவரும் சொன்னார்கள். கடைசியில் என் முறை. கையை மேசைமேல் வைத்தேன். வாயைத் திறக்கவில்லை.

"டீச்சர்?"

"சொல்ல முடியாது சார்."

"என்னங்க இது, வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?" என்றார் மருந்துக்கடைக்காரர். "அங்க கடையில ஆள் இல்லைங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். "பாவம்னு மறைநூல்ல இருக்கு டீச்சர். நானா எழுதினேன்?"

"அதைப் பத்தி நாம அப்புறம் சண்டை போடலாம் சார். அவனை வெளிய தள்ளுன்னு எந்த வரியில இருக்கு? பொய் சொல்லாதேன்னு இருக்கு, அது எனக்கு நல்லாத் தெரியும். மனசுல இல்லாததை இந்த மேசைமேல கை வச்சுச் சொன்னா அது பொய்தானே?"

என்னைப் பொய் சொல்லச் சொல்ல அவரால் முடியாது. ஒரே விரிப்பில் உட்கார்ந்து பிரார்த்தனை கற்றவர்கள் நாங்கள்.

"அப்போ ஓட்டுக்கு விடுவோம்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"ஓட்டுப் போட இதென்ன கிளப்பா?" என்று அண்ணன் அவர்மேல் பாய்ந்தார்.

"சரி, டீச்சரைக் குழுவை விட்டு எடுத்துடுவோம்."

மறைநூல் வாத்தியார் தொண்டையைச் செருமினார். "எடுக்கலாம். அதுக்கும் ஒரு தீர்மானம் வேணும். அதுக்கும் டீச்சர் 'அப்படியே ஆகட்டும்' சொல்லணும்."

யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

கூட்டம் கலையவில்லை. கலையாத கூட்டத்தின் நாற்காலிகளை நகர்த்தக் கூடாது என்பதும் விதி. பெருக்குகிற அக்கா அவற்றைச் சுற்றியே பெருக்கினார். பள்ளி விட்டதும் தினமும் அதே இடங்களில் உட்காருவோம், சுற்று கிளம்பும், என்னிடம் வந்து நிற்கும். மருந்துக்கடைக்காரர் மாத்திரைப் பட்டைகளைக் கொண்டுவந்து அங்கேயே பிரித்து அடுக்க ஆரம்பித்தார். பழைய நிலைமை தொடர்ந்தது. அதாவது, கம்பி தினமும் வகுப்பில் இருந்தான்.

காரில் அண்ணன் பேசுவதில்லை. ஆனால் என்னை விட்டுவிட்டும் போனதில்லை. அண்ணிதான் போன் செய்தாள்.

"உங்க கூட்டம் முடியாம இந்த மனுஷன் என்மேல எரிஞ்சு விழறார். ரெண்டு பேர்ல யாருக்குப் பிடிவாதம் ஜாஸ்தின்னு பார்க்கவா நான் இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டேன்?"

"நீங்க யார் பக்கம் அண்ணி?"

"கூட்டம் முடியற பக்கம்."

ஒருநாள் ஆய்வகத்தில் மீட்டரைக் கழற்றிக்கொண்டே கம்பி கேட்டான். "என்னால உங்க வீட்டுல சண்டையாமே டீச்சர். நானே போயிடவா?"

"முதல்ல அந்த ஸ்க்ரூவைத் தொலைக்காம எடுத்து வை. பரீட்சை எழுதறது உன் வேலை. உட்கார்ந்திருக்கறது என் வேலை."

எழுதினான். கடைசித் தேர்வன்று மாலை, மற்றவர்கள் வருமுன் அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அவன் எழுதிட்டான் பாப்பா." பள்ளிக்குள் அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. "நீ நினைச்சது நடந்துடுச்சு. இனி அந்தத் தீர்மானத்தால யாருக்கும் நஷ்டம் இல்லை. சொல்லிடு, எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்."

"அதுல அவன் பேர் இல்லையே அண்ணா. 'இப்படிப்பட்ட பிள்ளைகள்'னுதானே இருக்கு. இப்ப ஆறாம் வகுப்புல யார் யார் உட்கார்ந்திருக்காங்கன்னு நமக்குத் தெரியுமா?"

"எத்தனை நாள் இப்படியே உட்காரப் போறே?"

"அந்த வரியை நீங்க எடுக்கற வரைக்கும்."

"எடுக்க மாட்டேன்னா?"

"லீவுலயும் வர்றேன்."

நினைத்திருந்தால் அவர் விதியைத் தாண்டியிருக்கலாம். பள்ளியின் சாவி அவரிடம், கையெழுத்து அவருடையது. தாண்டவில்லை. தாண்டமாட்டார் என்று எனக்கு முதல் நாளே தெரியும். அதை நம்பித்தான் வாயை மூடியிருந்தேன்.

மற்றவர்கள் வந்தார்கள். அண்ணன் கை வைத்துச் சொன்னார். மறைநூல் வாத்தியார் கையை வைத்தார், மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார். முன்பெல்லாம் அவர் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை. சுற்று என்னிடம் வந்தது. கையை வைத்தேன். எல்லோரும் காத்திருந்தார்கள்.

அண்ணன் எழுந்தார்.

"நாளைக்குப் பார்க்கலாம்" என்றார் எல்லோரிடமும். பிறகு வாசல் பக்கம் திரும்பி, "வா பாப்பா, கார்ல ஏறு" என்றார்.