பின்னால் வர ஒரு கார்

என் கணவருக்கும் என் அண்ணனுக்கும் மூன்று வருடமாகப் பேச்சு இல்லை. அதாவது அவர்கள் இருவருக்கும் இடையில் இல்லை. எனக்கு மட்டும் இரண்டு பேருடைய பேச்சும் உண்டு. அண்ணை வில் நகரிலிருந்து எனக்கு ஃபோன் எடுத்து, "உன்ரை மனுசனிட்டைச் சொல்லு" என்று தொடங்குவார். நான் ஃபோனைக் கையில் பிடித்தபடியே சமையலறையிலிருந்து நடந்து போய்ச் சொல்வேன். கணவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "கொண்ணையிட்டைச் சொல்லு" என்று அண்ணைக்குப் பதில் தருவார். அது அண்ணையின் காதில் நேராகவே விழும். என்றாலும் நான் இன்னொரு தடவை சொல்லி முடிக்கும்வரை அவர் காத்திருப்பார். சுவிஸ் தபால்காரருக்காவது ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டு.

காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். எங்கள் ஆட்கள் சிரிக்க மாட்டார்கள். அண்ணையின் மூத்த மகள் தர்மிகாவின் கலியாணத்துக்கு அண்ணை எங்கள் வீட்டுக்கு வந்து சொல்லவில்லை. வாட்ஸ்அப்பில் அழைப்பிதழை அனுப்பிவிட்டார். மனைவியின் சொந்தக்காரருக்குச் சொல்லத் துன் நகர்வரை போய்வந்தவர், பீலில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்கு ஒரு படத்தை அனுப்பியதோடு சரி. கணவர் அதைப் பார்த்தார், ஃபோனைக் கவிழ்த்து வைத்தார், கலியாணத்துக்கு வரவில்லை. நானும் மகளும் ரயிலேறிப் போனோம். அகதி முகாமில் ஒரே அறையில் படுத்து, ஒரே சட்டியில் சமைத்துத் தின்ற சிநேகிதர்கள் இவர்கள். அந்தச் சிநேகிதத்தில்தான் அண்ணை என்னையே அவருக்குக் கட்டிக் கொடுத்தார். அண்ணை குலேந்திரனும் என் கணவர் தயாபரனும் என்றால் அந்த நாளில் ஒரு பெயரைச் சொல்லி மற்றப் பெயரை விட மாட்டார்கள்.

என் மகள் வேணுகாவும் அண்ணையின் மகன் நிருசனும் இந்தக் கூத்தில் சேரவில்லை. இரண்டு பேருக்கும் கார்ப் பைத்தியம். அதுவும் உண்மையான கார் இல்லை. இந்த நாட்டில் வட்டப் பாதையில் கார் ஓட்டப் போட்டி வைப்பதற்கு நெடுங்காலம் தடை இருந்தது என்பதாலோ என்னவோ, பிள்ளைகள் எல்லாம் கதிரையில் இருந்தபடி திரையைப் பார்த்து ஓட்டப் பழகிவிட்டார்கள். ஸ்டியரிங் இருக்கும், பெடல் இருக்கும், மூன்று திரை இருக்கும். அமெரிக்காவில் இருப்பதுபோன்ற பென்னாம்பெரிய நீள்வட்டப் பாதை ஒன்று அதற்குள் இருக்கும். வளைவுகள் சுவர்போலச் சரிந்து நிற்கும், பிரேக்குக்கு வேலையே இல்லை, முந்நூறு கிலோமீற்றர் வேகத்தில் இடது பக்கமாகவே சுற்றிச் சுற்றி ஓட வேண்டும். இதில் என்ன இருக்கிறது என்று நானும் ஒருநாள் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. வேணுகா எனக்கு ஒரு மணித்தியாலம் வகுப்பு எடுத்தாள்.

அதில் எனக்கு விளங்கியது இவ்வளவுதான். அந்தப் பாதையில் தனியாக ஓடுகிறவன் தோற்பான். முன்னால் போகும் கார் காற்றைக் கிழித்துக் கொடுக்க, பின்னால் வரும் கார் ஒட்டிக்கொண்டு அதைத் தள்ள, இரண்டும் சேர்ந்துதான் வேகம் பிடிக்கும். வரிசையை விட்டு வெளியே எடுத்து முந்தப் பார்க்கலாம். ஆனால் பின்னால் வர ஒரு கார் இல்லையென்றால், காற்று பிடித்து நிறுத்திவிடும். விட்டுப்போன வரிசை முழுவதும் உன்னைத் தாண்டிப் போகும். ஆகவே வெளியே எடுக்க முதல், பின்னால் வருகிறவனிடம் வருவாயா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஓட்டுகிறவர்கள் கேட்க முடியாது. அவர்களுடைய ஸ்பொட்டர்கள் கேட்பார்கள். ஸ்பொட்டர் என்பவர் ஓட்டுகிறவரின் பின்னால் நின்று, பாதை முழுவதையும் மேலிருந்து காட்டும் திரையைப் பார்த்து, யார் பக்கத்தில் நிற்கிறான், எங்கே இடம் இருக்கிறது என்று காதுக்குள் சொல்கிறவர்.

அப்படியொரு போட்டிக்குப் பிள்ளைகள் இரண்டு பேரும் பெயர் கொடுத்திருந்தார்கள். அதில் எல்லாருடைய பேச்சும் எல்லாருக்கும் கேட்கும். மற்றவர்கள் சுவிஸ் ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் கத்திக்கொண்டிருக்க, தாங்கள் தமிழில் கதைத்தால் ஒருவனுக்கும் விளங்காது என்பது பிள்ளைகளின் திட்டம். அதற்குத் தட்டுத்தடுமாறாத தமிழ் வேண்டும். ஆளுக்கொரு தகப்பனைப் பிடித்தார்கள். தன் பிள்ளைக்காக என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள். ஒத்துக்கொண்ட கையோடு, மற்றவரோடு தான் கதைக்க வேண்டி வராதே என்று இரண்டு பேரும் என்னிடம்தான் கேட்டார்கள். அப்படித்தான் என்னை நடுவில் நிற்கவைக்க முடிவாயிற்று. பிள்ளைகள் இதை வேண்டுமென்றே செய்தார்களோ என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம் உண்டு. எனக்கோ வேறு ஆசை. பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது தவறியாவது ஒரு சொல் விழாதா என்று பார்த்தேன். ஒரு சொல் போதும் என்று இருந்தது. வெற்றி தோல்வி யாருக்கு வேண்டும்?

இறுதிப் போட்டி பீல் ஸ்டேசனுக்குப் பின்னால், கைவிட்ட ஒரு பழைய தொழிற்சாலை மண்டபத்தில் நடந்தது. சனிக்கிழமை மத்தியானம். வென்றவருக்குப் பிரான்சில் உண்மையான ஸ்டாக் கார் பந்தய வண்டி ஒன்றை ஒருநாள் ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பு என்று அறிவிப்பாளர் ஜெர்மனில் ஒருதரம், பிரெஞ்சில் ஒருதரம் சொன்னார். இருபத்துநாலு கதிரைகள், இருபத்துநாலு பிள்ளைகள், சுவரில் ஒரு பெரிய திரை. வேணுகாவும் நிருசனும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் என் கணவர், நான், அண்ணை. நான் கொண்டுபோன கட்லட் பெட்டியில் இரண்டு பேரும் கை வைத்தார்கள், ஒருவர் கை மற்றவர் கையில் முட்டாமல்.

அண்ணை முதலில் வாயைத் திறந்தார். உன்ரை மனுசனிட்டைக் கேள், ஹெட்செட் இறுக்கமாக இருக்கோ என்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேட்டேன். இறுக்கம் இல்லையாம். சொன்னேன்.

ஓட்டம் தொடங்கியதும் என்னால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. இருபத்துநாலு காரும் ஒன்றின் முதுகில் ஒன்று ஏறுவதுபோல ஓடின. பெரிய திரையைப் பார்த்தால் தலை சுற்றியது. பார்க்காவிட்டால் நெஞ்சு அடித்தது. ஒரு காலில் நின்றேன், மறு காலில் நின்றேன், செருப்பைக் கழற்றிப் போட்டேன், தண்ணீர்ப் போத்தலைத் திறந்து குடிக்காமல் மூடினேன். விளையாட்டு என்று மனதுக்குச் சொன்னாலும் மனது கேட்கவில்லை. கணவர் மட்டும் கோயில் மடைப்பள்ளியில் நிற்பவர்போல ஆறுதலாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: உள்ளுக்கை ஒருத்தன், இன்னும் நிக்கிறான், விலத்தீட்டான். அந்தப் பக்கம் அண்ணையும் அதே சொற்கள், அதே சுருதி. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் யார் எவர் என்று எனக்கே தெரியாது.

பாதி ஓட்டத்தில் வேணுகா மூன்றாவதாக ஓடினாள். அவளுக்குப் பின்னால் நிருசன். நல்ல தருணம். கணவர் என் பக்கம் சாய்ந்தார். பிள்ளை வெளிப்பக்கம் எடுக்கிறாள், பெடியைப் பின்னால் வரச் சொல்லு என்று கொண்ணையிடம் சொல் என்றார். நான் திரும்பி அண்ணையிடம் சொன்னேன். கணவர் சொன்னதே அண்ணைக்குக் கேட்டிருக்கும். இடையில் நான் ஒருத்திதான் நிற்கிறேன், சுவர் இல்லை. என்றாலும் நான் கடைசிச் சொல்லைச் சொல்லும்வரை மனிதர் காத்திருந்தார். பிறகு, வாறம் எண்டு உன்ரை மனுசனிட்டைச் சொல்லு என்றார். நான் திரும்பினேன்.

அதற்குள் வேணுகா வெளியே எடுத்துவிட்டாள். பின்னால் ஒருவரும் இல்லை. நிருசன் வெளியே வர இடம் பார்க்கையில் வேறொருவன் அந்த இடத்தில் மூக்கை நுழைத்துவிட்டான். என் மகள் நடுப் பாதையில் தனியாக நின்றாள் என்றுதான் சொல்ல வேண்டும். கார் என்னவோ பறந்துகொண்டுதான் இருந்தது. ஒவ்வொருவராக அவளைத் தாண்டிப் போனார்கள். கடைசிக்குச் சற்று முன்னால் போய்த்தான் வரிசையில் அவளுக்கு இடம் கிடைத்தது. அவளுடைய பிடரி சிவந்து போனதை நான் பின்னால் நின்று பார்த்தேன். என் பிள்ளை தோற்றது என் வாயில்தான் என்று நினைத்தபோது அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

பிறகு முன்னால் ஓடியவர்களில் இரண்டு பேர் முட்டிச் சுழன்றார்கள். பின்னால் வந்தவர்களில் பாதிப் பேர் அதில் போய்ச் சொருகினார்கள். மஞ்சள் கொடி. தப்பியவர்கள் வேகத்தைக் குறைத்து மறுபடி வரிசையாகச் சேர்ந்தார்கள். தப்பியதில் எங்கள் இரண்டு பேரும் இருந்தார்கள்; ஏழாவதாக வேணுகா, அவளுக்கு நேர் பின்னால் நிருசன். இனி மிஞ்சியிருப்பது ஐந்து சுற்று. கார்கள் மெதுவாகச் சுற்றிய அந்த நேரத்தில் வேணுகா கதிரையில் இருந்தபடியே தலையைத் திருப்பினாள்.

"அம்மா, நீங்கள் இரண்டு பேருக்கும் சொல்லி முடிக்க ஓட்டமும் முடிஞ்சிடும்."

என்மேல் கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். மூன்று வருடமாக என்னிடம் ஒருவரும் சொல்லாத உண்மை அது. நான் இருப்பதால்தான் இவர்கள் கதைக்கவில்லை. நான் ஓடி ஓடிச் சொல்கிற வரைக்கும் இவர்களுக்கு என்ன குறை? பெருநாளுக்கு வாழ்த்துப் போகிறது, மருந்தின் பெயர் போகிறது, செத்தவீட்டுச் செய்தி போகிறது. முகம் மட்டும் பார்க்கத் தேவையில்லை. வசதிதானே.

"இனி நான் ஒருத்தற்றை கதையையும் ஒருத்தரிட்டையும் கொண்டு போகமாட்டன்" என்றேன். "வாய் இருந்தால் நீங்களே கதையுங்கோ."

சொல்லிவிட்டு நடுவிலிருந்து விலகிப் போய்ச் சுவரோடு நின்றேன். அவர்கள் இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் நின்ற இடம் அப்படியே வெறுமையாகக் கிடந்தது. போன பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது. கதைக்காமலே விட்டால்? இந்த மெல்லிய நூலாவது இருந்ததே, அதையும் என் கையால் அறுத்துவிட்டேனே? திரும்பிப் போவோமா என்று ஒரு காலை எடுத்தும் வைத்தேன். கொடி பச்சையானது.

ஒரு சுற்றுப் போயிற்று. கணவர் வேணுகாவுக்கு மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணை நிருசனுக்கு மட்டும். இரண்டாவது சுற்றும் போயிற்று. என் கையிலிருந்த போத்தல் நழுவி விழுந்து உருண்டது. மூன்றாவது சுற்றில் முன்னால் ஓடியவர்கள் இரண்டு வரிசையாகப் பிரிய, வெளிப்பக்கம் பாதை திறந்தது. எனக்கே தெரிந்தது. கணவருடைய வாய் திறந்து மூடியது. மறுபடி திறந்தது.

"மச்சான்" என்றார்.

அண்ணை திரையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். ஆனால் அவருடைய முதுகு நிமிர்ந்தது.

"மச்சான், என்ரை பிள்ளை வெளியாலை எடுக்கப் போறாள். உன்ரை பெடி வருவானோ?"

"எடு, வாறம்" என்றார் அண்ணை.

இரண்டு காரும் ஒன்றாக வெளியே வந்தன. வேணுகா காற்றைக் கிழிக்க, நிருசன் பின்னால் ஒட்டிக்கொண்டு தள்ளினான். ஆறாவது ஆள் போனான், ஐந்தாவது போனான், நாலும் மூன்றும் ஒன்றாகப் போயினர். இப்போது அந்த இரண்டு மனிதர்களும் நிறுத்தாமல் கதைத்தார்கள். விட்டிடாதை மச்சான், விடேல்லை, கொஞ்சம் மேலை, மேலைதான் நிக்கிறன், உள்ளுக்கை ஒருத்தன் வாறான், கண்டனான் கண்டனான். தோளோடு தோள் முட்டியது அவர்களுக்குத் தெரிந்ததோ இல்லையோ. நான் திரையைப் பார்க்கவே இல்லை. அவர்களைத்தான் பார்த்தேன். கண்ணீர் வந்து அதையும் மறைத்துவிட்டது.

கடைசிச் சுற்றின் கடைசி வளைவில் வேணுகா முதலாவதாக வந்தாள். அவளுக்குப் பின்னால் நிருசன். கோடு கண்ணில் தெரிந்தபோது நிருசன் ஸ்டியரிங்கை ஒரு இழுப்பு இழுத்து உள்ளே பாய்ந்தான். தள்ள ஆள் இல்லாமல் வேணுகா ஒரு கணம் தொய்ந்தாள். அந்த ஒரு கணம் அவனுக்குப் போதும். காரின் மூக்கு அளவுக்கு முந்தி, என் மருமகன் வென்றுவிட்டான்.

மண்டபம் கத்தியது. வேணுகா ஹெட்செட்டைக் கழற்றி நிருசனின் முதுகில் ஒரு குத்து விட்டாள். பிறகு இரண்டும் சிரித்தன. பெரிய மனிதர்கள் சிரிக்கவில்லை. கணவர் அண்ணையின் முகத்துக்கு நேரே திரும்பினார். மூன்று வருடத்துக்குப் பிறகு இரண்டு பேரும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்தார்கள்.

"தள்ளிக்கொண்டு வாறம் எண்டு சொல்லிப்போட்டுக் கடைசியிலை விட்டிட்டுப் போறதோ?"

"வாறம் எண்டு சொன்னனான். வந்தனாங்கள். முந்தமாட்டம் எண்டு சொன்னனானோ?"

"உனக்கு இது பழக்கம்தானே. துன் மட்டும் போகத் தெரிஞ்ச உனக்குப் பீலுக்கு வரத் தெரியேல்லை."

அண்ணையின் முகம் கறுத்தது. பக்கத்துக் கதிரைகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"வேற்றாளெண்டால் வந்திருப்பன்" என்றார் அண்ணை. குரல் உடைந்தது. "உனக்கு நான் கலியாணக் காட் கொண்டுவந்து தாறதோ எண்டு நினைச்சிட்டன். பிழைதான். ஓம், பிழை. அதுக்காக என்ரை பிள்ளையின்ரை கலியாணத்துக்கு வராமல் விடுவியோ? படம் முழுக்க என்ரை தங்கச்சி தனியா நிக்கிறாள்."

கணவர் குனிந்து நிலத்தைப் பார்த்தார். அந்தக் கலியாணப் படங்களை அவர் ஒரு நாளும் கேட்டதில்லை, நானும் காட்டியதில்லை. பிறகு தலையை நிமிர்த்தினார்.

"அதுக்கு நான் உன்ரை வீட்டை வந்து கதைக்கிறன். இப்ப இந்தப் பெடி செய்ததுக்கு என்ன சொல்லுறாய்?"

மறுபடி தொடங்கியது. கையை நீட்டினார்கள், திரையைக் காட்டினார்கள், ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டினார்கள். அறிவிப்பாளர் பரிசு கொடுக்க நிருசனைக் கூப்பிட்டதுகூட அவர்களுக்குக் கேட்கவில்லை. வேணுகா எழுந்து என்னிடம் வந்து கையைப் பிடித்தாள்.

"அம்மா, சனம் பாக்குது. போய் நிப்பாட்டுங்கோ."

"விடு பிள்ளை" என்றேன். "நேராய்த்தானே கதைக்கினம்."