எந்த வருஷத்திலும் சேராத பாட்டு

மனித இனம் செய்த தவறுகளிலேயே பெரியது, பாட்டுக்கு ரேங்க் போட ஆரம்பித்ததுதான். அணுகுண்டுக்கு இரண்டாவது இடம். இதைக் கல்லூரி கேன்டீனில் வடையைச் சாம்பாரில் அமுக்கிக்கொண்டே அறிவித்தவன் நவநீதன். தவறுகளுக்கும் அவன் ரேங்க் போட்டுத்தான் சொல்கிறான் என்பதை யாரும் கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை. டிசம்பரில் அவனோடு வாதாடுவதில்லை என்று வைத்திருக்கிறேன்.

டிசம்பர் வந்தால் விமர்சகர்களும் வலைப்பூக்காரர்களும் 'இந்த ஆண்டின் சிறந்த பத்து' என்று கிளம்பிவிடுவார்கள். நவநீதன் ஒரு பாட்டையும் கேட்காமல், ஒரு பட்டியலையும் விடாமல் படித்துத் திட்டுவான். அதிகம் வாங்கிக்கொண்டவள் எங்கள் வகுப்பு சுஜா. ஸ்ரீரங்கத்துப் பெண், புதுசாகப் பாடுகிறவர்களைப் பற்றி மட்டும் தன் வலைப்பூவில் எழுதுவாள். அவள் பட்டியலைப் பார்த்துச் சென்னையில் மேடைக்குக் கூப்பிடுகிறார்கள் என்பதுதான் நவநீதனுக்குப் பொறுக்கவில்லை.

அந்தப் பட்டியலுக்காகவே காத்திருந்தவன் எங்களோடு சுற்றும் வீரமலை. அவன் அப்பாவுக்குச் சமயபுரத்தில் தேங்காய்க் கடை. லாட்ஜ் மொட்டைமாடிகளில் காயும் மஞ்சள் துணிகளைப் பற்றி ஒரு பாட்டு எழுதி, புத்தூரில் ஒரு நண்பன் அறையில் எதிரொலிக்காமலிருக்க மெத்தைகளைச் சுவரில் சாய்த்து வைத்துப் பாடிப் பதிவு செய்தான். தீபாவளிக்கே தயாராகிவிட்டது.

"மார்கழியில விடுடா. ஊரே பாட்டு கேக்குற மாசம்," என்றான் நவநீதன்.

"சுஜா லிஸ்ட்டு?"

"லிஸ்ட்டப் பாத்தா பாட்டு பொறக்குது?"

வீரமலைக்கு அது சரியென்று பட்டது. மார்கழி பிறந்தன்று வெளியிட்டான். சுஜாவின் பட்டியல் அதற்கு முந்தின வாரமே வந்துவிட்டிருந்தது.

அம்மா மண்டபம் பஸ் ஸ்டாப்பில் மூன்று பேருமாக அவளைப் பிடித்தோம்.

"பாட்டு நல்லாருக்கு வீரா. ஆனா என் வருஷம் நவம்பரோட முடிஞ்சிடும். எல்லாரும் அப்படித்தான் போடறாங்க."

"அப்ப அடுத்த வருஷத்துல போடேன்," என்றான் வீரமலை.

"அடுத்த வருஷம் இது பழைய பாட்டு ஆயிடுமே."

"டிசம்பர்ல வர்றதெல்லாம் எங்கதான் போகும்?"

சுஜா அதை இதுவரை யோசித்ததில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. "எங்கயும் போகாதுதான்," என்றாள் மெதுவாக.

"பாத்தியாடா, இதுக்குத்தான் நான்..." என்று ஆரம்பித்த நவநீதன், வீரமலை பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டான்.

"நீ சொன்னேன்னுதான்டா தள்ளிப் போட்டேன்." குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பரவால்ல விடு. அப்பா கடைக்கு வரச் சொல்றாரு. ஒண்ணு பாடியாச்சு, போதும்." வந்த பஸ்ஸில் ஏறிக்கொண்டான்.

அதன் பிறகு நவநீதன் கேன்டீனில் எதையும் அறிவிக்கவில்லை. வடை மட்டும் சாப்பிட்டான். எந்நேரமும் காதில் ஹெட்போன். ஒருநாள் பஸ் காவிரிப் பாலத்தில் ஊர்ந்துகொண்டிருந்தபோது அவன் போனை எட்டிப் பார்த்தேன். 'டிசம்பரில் வந்ததால் விடுபட்டவை' என்று தலைப்பு. கீழே ஒன்று, இரண்டு, மூன்று.

"எங்கடா போடப்போற?"

"சுஜா ப்ளாக்லதான். கேட்டேன், சரின்னுட்டா." ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"வீரமலை மூணாவதா? ஒண்ணாவது குடுத்தா குறைஞ்சா போயிடுவ?"

"குடுத்தா, ஃப்ரெண்டுக்காகப் போட்டிருக்கான்னு எவனும் பாட்டையே கேக்க மாட்டான். அதோட..." கொஞ்சம் தயங்கினான். "மத்த ரெண்டும் நெஜமாவே நல்லாருக்குடா. யாருன்னே தெரியாது, தேடிப் பிடிச்சேன்."

அவன் வீரமலையின் பாட்டை முதலிலிருந்து ஓடவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். முடிந்ததும் மூன்றை அழித்து இரண்டு என்று போட்டான். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மூன்றாவதுக்கு இறங்கிய பாட்டை மறுபடி ஓடவிட்டான்.