மூச்சுத் துளை

ஹெட்லைட்டுக்குள் ஒரு தலைப்பிரட்டை நீந்திக்கொண்டிருந்தது. பாதி விளக்குக்குத் தண்ணீர், அதற்குக் கீழே இரண்டு விரல் கனத்துக்குச் சேறு. நடுவில் அது வாலை ஆட்டிக்கொண்டு பல்பைச் சுற்றிச் சுற்றி வந்தது.

"கண் டாக்டரே, மீன் வளக்க ஆரம்பிச்சுட்டீங்களா?" என்று பக்கத்து மேடையிலிருந்து வெல்டர் கேட்டான்.

"வேணும்னா நீயே எடுத்துட்டுப் போய் வளத்துக்கோ. உனக்கும் பேச்சுத் துணைக்கு ஆள் வேணும்ல."

ஷெட்டில் எல்லோருக்கும் அவன் கண் டாக்டர்தான். காட்டுக்குள்ளும் ஓடைக்குள்ளும் ஊர் சுற்றிப் பார்க்க வருபவர்களை உயரமான ஜீப்புகளில் ஏற்றிக் குலுக்கிக் கொண்டுவருவது அந்தக் கம்பெனியின் தொழில். சாயங்காலமானால் வண்டிகள் சேறு அப்பி, குருடாகித் திரும்பும். அவற்றுக்குக் கண் திறந்துவிடுவது அவன் வேலை.

பார்க்கச் சின்ன வேலை போலிருக்கும். விளக்கைக் கழற்றி, கண்ணாடியின் ஓரத்தைச் சூடான காற்றால் இளக்க வேண்டும். பசை மெழுகு மாதிரி இளகும் நேரம் பார்த்துத் தட்டையான கம்பியை நுழைத்துப் பிரிக்க வேண்டும். அவசரப்பட்டால் விரிசல்தான். உள்ளே படிந்த சேற்றைத் துணியால் துடைக்கவே கூடாது, பின்னால் இருக்கும் வெள்ளிப் பூச்சு துணியோடு வந்துவிடும். சோப்புத் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கரைத்து, வெயிலில் கவிழ்த்து வைத்து, ஈரம் போனபின் புதுப் பசை தடவி மூட வேண்டும். பிறகு தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பார்க்க வேண்டும். எங்காவது ஒரு குமிழி கிளம்பினால் மறுபடி முதலிலிருந்து.

கடைசியாக இன்னொன்று உண்டு. விளக்கின் முதுகில் சுண்டுவிரல்கூட நுழையாத ஒரு ரப்பர் துளை. விளக்கு எரியும்போது உள்ளே சூடாகும் காற்று அதன் வழியாக வெளியேறும், குளிர்ந்தால் உள்ளே வரும். ஷெட்டில் அதற்கு மூச்சுத் துளை என்று பெயர். வண்டியைப் பீய்ச்சிக் கழுவும்போது அதற்குள் தண்ணீர் போய்விடாமல் இருக்க ஒரு துண்டு டேப் ஒட்டுவான். கழுவி முடித்ததும் உரித்துவிடுவான். உரிக்காமல் விட்டால், எரிந்து சூடான விளக்கு ஓடைக்குள் இறங்கிக் குளிரும்போது மூச்சு விட வழியில்லாமல் கண்ணாடி ஓரமாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும்.

தலைப்பிரட்டையை ஒரு டப்பாவில் விட்டுவிட்டு அவன் சேற்றைக் கரைக்க ஆரம்பித்தபோது வெல்டர் அடுத்த கிண்டலை எடுத்துவிட்டான். "வாசல்ல போர்டு பாத்தியா? உன் சகலை சினிமா ஸ்டார் கணக்கா நிக்கிறாப்ல."

"பாத்தேன், பாத்தேன்."

பார்க்காமல் எப்படி இருக்க முடியும்? ஆள் உயரத்தைப் போல மூன்று மடங்கு போர்டு. ஓடைக்கு நடுவே ஜீப், அதன் கதவில் சாய்ந்துகொண்டு கறுப்புக் கண்ணாடி போட்ட சகலை, வாயெல்லாம் பல். ஜீப்பின் இரண்டு விளக்குகளும் பளீரென்று எரிந்தன. அந்த விளக்குகளைக் கழுவியவன் யார் என்று எந்த மூலையிலாவது ஒரு எழுத்து போட்டிருந்தார்களா? இல்லை. காலையில் அந்தப் போர்டைக் கடந்து வந்ததிலிருந்து கண் டாக்டருக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது.

சகலை என்றால் மனைவியின் தங்கை புருஷன். வேலை இல்லாமல் வீட்டில் முடங்கிக் கிடந்தவனை, வண்டி கழுவ ஆள் வேண்டும் என்றபோது கையோடு கூட்டிவந்து சேர்த்துவிட்டதே கண் டாக்டர்தான். அதற்கு வெகு காலத்துக்கு முன்பிருந்தே கண் டாக்டர் தனக்கு ஸ்டீயரிங் கேட்டுக்கொண்டிருந்தான். லைசென்ஸ் இருந்தது. ஷெட்டிலிருந்து கழுவும் மேடை வரைக்கும் எல்லா வண்டியையும் அவன்தான் ஓட்டினான். கேட்கும்போதெல்லாம் மேனேஜர், "நீ போயிட்டா லைட்ட யாருப்பா பாக்குறது?" என்று தோளில் தட்டி அனுப்பிவிடுவார். ஒரு டிரைவர் வேலையை விட்டுப் போனபோது மேனேஜர் இரண்டு பேரையும் கூப்பிட்டு ஏற இறங்கப் பார்த்தார். "கஸ்டமர்கிட்ட சிரிச்ச முகமா பேசணும். உனக்கு மூஞ்சி கொஞ்சம் சிடுசிடுன்னு இருக்கு," என்று கண் டாக்டரிடம் சொல்லிவிட்டு, சாவியைச் சகலையின் கையில் கொடுத்தார்.

அன்றைக்கு வீட்டுக்கு இனிப்போடு வந்தான் சகலை. "எல்லாம் நீங்க போட்ட பிச்சைண்ணே," என்று காலைத் தொடப் போனான். கண் டாக்டருக்கு அந்தக் கையைத் தட்டிவிடத் தோன்றியது.

அதற்குப் பிறகு சகலையிடம் எதைப் பார்த்தாலும் அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கஸ்டமர் யாரோ கழற்றிக் கொடுத்த கறுப்புக் கண்ணாடி, மடிப்புக் கலையாத சட்டை, எல்லாவற்றுக்கும் மேலாக அந்த நகங்கள். சகலையின் நகங்கள் சுத்தமாக இருந்தன. கண் டாக்டர் எவ்வளவு தேய்த்தாலும் அவன் நகக்கண்ணிலிருந்து சேறு போகாது.

வீட்டிலாவது நிம்மதி உண்டா? நேற்று ராத்திரி சாப்பாட்டுக்கு நடுவே மனைவி போனை நீட்டினாள். தங்கை அனுப்பிய போர்டுப் படம். "சின்னவ வீட்டுக்காரரப் பாத்தீங்களா? என்ன கம்பீரம்!"

"ஆமா. அந்தக் கம்பீரத்தக் கழுவி விட்டவன் இங்க உக்காந்திருக்கேன்."

"எதுக்கெடுத்தாலும் இப்படியே கரிச்சுக் கொட்டுங்க. அதனாலதான் உங்களுக்கு வண்டி கிடைக்கல."

அவன் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிட்டான். அவள் தடுக்கவில்லை.

மத்தியானம் சகலையின் ஜீப்பைக் கழுவி மேடையிலிருந்து இறக்கினான். சூரியன் சாய்வதைக் காட்டும் சவாரி அது, இருட்டில்தான் திரும்பும். இரண்டு விளக்குகளையும் பூட்டியாயிற்று. பானெட்டைத் திறந்து, குனிந்து, மூச்சுத் துளையின் டேப்பை உரிக்கக் கை வைத்தான். அப்போது சகலை கஸ்டமர்களைக் கூட்டிக்கொண்டு வந்தான். தொப்பியும் பூட்ஸுமாக நாலைந்து பேர். அதில் ஒரு அம்மா, தொட்டியையும் பிரித்துப் போட்ட விளக்குகளையும் பார்த்து, "இவர் யாரு?" என்று கேட்டாள்.

"இவரா? இவர்தான் எங்க லைட்டு கழுவுற ஆளு," என்றான் சகலை.

அண்ணன் என்று சொல்லியிருக்கலாம். சகலை என்று சொல்லியிருக்கலாம். என்னை இங்கே சேர்த்துவிட்டவர் என்று சொல்லியிருந்தால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்? லைட்டு கழுவுற ஆளு. அந்த அம்மா கண் டாக்டரைப் பார்த்துப் பாவமாகத் தலையாட்டினாள்.

"முடிஞ்சுதாண்ணே? நேரமாச்சு," என்றான் சகலை, கைக் கடிகாரத்தைத் தட்டிக்கொண்டு.

கண் டாக்டர் கையை எடுத்தான். இரண்டு விளக்கிலும் டேப் அப்படியே இருந்தது. கண்ணாடிக்குள் கொஞ்சம் தண்ணி ஏறட்டும், எடுக்கிற போட்டோவெல்லாம் மங்கட்டும், கஸ்டமர் முகம் சுளிக்கட்டும், சகலை மேனேஜர் வாயால் நாலு வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும். அவ்வளவுதான் அவன் நினைத்தது. பானெட்டை இறக்கி, "ம், முடிஞ்சுது," என்றான்.

ஜீப் வாசலைத் தாண்டும்போது அந்த அம்மா கையசைத்தாள். அவனும் அசைத்தான்.

இருட்டியது. மற்ற வண்டிகள் வந்து வரிசையாக நின்றன. சகலையின் வண்டி வரவில்லை. வெல்டர் சட்டையை மாற்றிக்கொண்டு, "கிளம்பலியா?" என்றான்.

"நீ போ. ஒரு விளக்கு காயணும்."

எந்த விளக்கும் காய வேண்டியிருக்கவில்லை. கண் டாக்டர் வாசலுக்கும் மேடைக்குமாக நடந்தான். ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் சாலையை எட்டிப் பார்த்தான். கடைசியில் ஒரு டிராக்டர் ஜீப்பைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. கஸ்டமர்கள் நனைந்துபோய் அதில் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டீயரிங்கில் யாரோ முன்பின் தெரியாதவன்.

திரும்பி வரும் வழியில் ஓடைக்கு நடுவே இரண்டு விளக்கும் அணைந்துவிட்டனவாம். கண்ணு தெரியாமல் வண்டி சேற்றில் சிக்கிக்கொண்டது. கஸ்டமர்கள் கூச்சல் போட்டதும் சகலை போன் வெளிச்சத்தில் வழி பார்க்க இறங்கினான். பாறை இடுக்கில் கால் மாட்டி, முழங்காலுக்குக் கீழே முறிந்துவிட்டது. நேராக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். அந்த அம்மா அழுதுகொண்டே, "வலியிலயும் அந்தத் தம்பி எங்களத்தான் பயப்படாதீங்கன்னு சொல்லிட்டே இருந்துச்சு," என்றாள்.

எல்லோரும் போனபின் மேனேஜர் டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்து பானெட்டைத் திறந்தார். இரண்டு விளக்கும் தண்ணீர்ச் சொம்பாக நிரம்பியிருந்தன. அவர் குனிந்து, கையை உள்ளே விட்டு, எதையோ உரித்து எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சார், அது வந்து... நான்தான்..."

"வாய மூடு." மேனேஜர் இன்னொரு விளக்கின் டேப்பையும் உரித்தார். இரண்டையும் சேர்த்து உருட்டி, வெளியே ஓடும் சாக்கடையில் எறிந்தார். "தப்பு ஷெட்டுதுன்னா அவன் கால் வைத்தியச் செலவு கம்பெனி தலையில. முதலாளி என்னையும் சேத்து வீட்டுக்கு அனுப்பிடுவாரு. டிரைவர் ஆழம் பாக்காம வண்டிய விட்டான். அதுல லைட்டு போச்சு. புரியுதா?"

"அவன் பாவம் சார். பக்குவமாத்தான் ஓட்டுவான்."

"இப்ப வருதா பாசம்?" மேனேஜர் டார்ச்சை அவன் முகத்தில் அடித்தார். பிறகு குரலை இறக்கினார். "நாளைக்குக் காலைல சவாரி இருக்கு. ரொம்ப நாளா வண்டி வண்டின்னு கேட்டுட்டு இருந்தியே. வேணுமா, வேணாமா?"

மேனேஜர் சாவியை மேடைமேல் வைத்தார். "லைட்டயும் நீயே பாத்துக்கோ. சவாரி முடிஞ்சு வந்து பாரு, ராத்திரி நேரம் கிடக்குல்ல. சம்பளம் அப்புறமா யோசிப்போம்."

மேனேஜர் போகும்வரை அவன் சாவியைத் தொடவில்லை. பிறகு சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். விளக்குகளைக் கழற்றி, தண்ணீரைக் கொட்டினான்.

வீட்டில் அவன் எதையும் சொல்லவில்லை. மனைவி அழுது முகம் வீங்கிப்போயிருந்தாள். விடிந்ததும் ஒரு போர்வையைப் பையில் வைத்துக் கொடுத்தாள். "சின்னவ மாத்துத் துணிகூட இல்லாம அங்கயே கிடக்கா. போற வழியில குடுத்துட்டு, ரெண்டு வார்த்தை ஆறுதலா சொல்லிட்டுப் போங்க. உங்க மேல அவங்களுக்கு எவ்வளவு மரியாதை தெரியுமா?"

போகும் வழியில் போயிருக்கலாம். அவனுக்கு அவர்கள் முகத்தில் விழிக்கத் தைரியம் வரவில்லை. நேராக ஷெட்டுக்குப் போனான். சவாரிக்கு வந்தவர்களை ஏற்றிக்கொண்டு, அந்தப் போர்டுக்குக் கீழாகச் சகலையின் ஜீப்பை வெளியே எடுத்தான். சாலையில் ஏறி கியர் மாற்றியபோது, வெட்கக்கேடு, அவன் மனசு துள்ளியது. வழியில் நிற்பவர்கள் எல்லோரும் தன்னையே பார்ப்பதாக அவனுக்குப் பட்டது. காட்டுக்குப் போகும் சாலை ஆஸ்பத்திரியை ஒட்டித்தான் போகும். மதிலைக் கண்டதும் கால் தானாக பிரேக்கை மிதித்தது.

"அஞ்சு நிமிஷம் சார், ஒரு அவசரம்," என்று பின்னால் சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு படியேறினான்.

மாடியில், ஜன்னலை ஒட்டிய கட்டிலில் சகலை காலைத் தூக்கிக் கட்டிவைத்துப் படுத்திருந்தான். கண் டாக்டரைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தான். சின்னவள் அவன் தோளை அழுத்திப் படுக்க வைத்தாள். "வாங்க மாமா. ராத்திரியெல்லாம் உங்களத்தான் கேட்டுட்டே இருந்தாரு."

கண் டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்தான். "வலிக்குதா?"

"அது கிடக்கட்டும்ணே." சகலை அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "நான் ஆழத்துல விட்டேன்னு மேனேஜர் சொல்றாராம். சத்தியமா இல்லண்ணே. எப்பவும் போற தடந்தான். திடீர்னு ரெண்டு லைட்டும் போச்சு. உங்க வேலையில குத்தம் வராது, எனக்குத் தெரியும். வயரு ஏதாவது போயிருக்கும். நீங்க வண்டியப் பாத்துட்டு மேனேஜர்கிட்ட எடுத்துச் சொல்லணும்."

"ம்."

"இன்னொண்ணு. கால் கூடற வரைக்கும் என் வண்டிய யாருக்கும் குடுக்க விட்டுடாதீங்கண்ணே. ஒருத்தன் ஏறி உக்காந்துட்டான்னா அப்புறம் எறங்க மாட்டான். இத விட்டா எங்களுக்கு வேற என்ன இருக்கு? நீங்க சொன்னா கேப்பாங்க. உங்களத்தான் நம்பியிருக்கேன்."

கண் டாக்டர் வாயைத் திறந்தான். கீழே சாலையில் ஒரு ஹாரன் நீளமாகக் கத்தியது.

சகலை தலையைத் தூக்கினான். "நம்ம வண்டி! கடைசியில கம்மிப்போய் இழுக்குது பாருங்க, அது நம்ம வண்டியேதான். ஏய், எட்டிப் பாரு. யாரு ஓட்டிட்டு வந்திருக்கா?"

சின்னவள் ஜன்னலுக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"நம்ம வண்டிதாங்க. ஆளுங்க பின்னாடி உக்காந்திருக்காங்க. ஒருத்தர் எக்கி எக்கி ஹாரன் அடிக்கிறாரு. டிரைவர் சீட்டு காலியா இருக்கு."

"அப்பாடா," என்று சகலை தலையணையில் சாய்ந்தான். "அப்ப இன்னும் யாரையும் போடல."

ஹாரன் மறுபடியும் கத்தியது. கண் டாக்டர் போர்வையைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு எழுந்தான்.

"அதுக்குள்ள கிளம்பிட்டீங்களா மாமா?" என்றாள் சின்னவள், ஜன்னலை விட்டு நகராமல்.