ஏழாம் கட்டத்து வினைச்சொல்

1.

இருந்தவர்கள் நால்வர். இடம், பஸ் டிப்போவின் மருத்துவ அறை. உள்ளே எடை மெஷின் பக்கத்து ஸ்டூலில் சோதனை எடுக்கும் அம்மா. கழிப்பறைக் கதவை ஒட்டிய நாற்காலியில் ஓட்டுநர். அறைக்கு வெளியே பெஞ்சில் மேற்பார்வையாளர், கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு. பெஞ்சின் மறுகோடியில் படிவத்தோடு நான், எழுத்தர்.

உட்கார்ந்த இடத்தை ஏன் சொல்கிறேன் என்றால், நான் உள்ளே இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. எனக்குக் குரல் மட்டும்தான் வந்தது. மீதியை என் படிப்பு எழுதியது.

2.

முதல் தொடக்கம்: "மது, போதைப்பொருள் சோதனை விதிகளின்படி, அன்றைய குலுக்கலில் பெயர் வந்த ஊழியர்..." (வேண்டாம். நோட்டீஸ் போர்டு மாதிரி இருக்கிறது.)

இரண்டாம் தொடக்கம்: "நிதானம் என்று பெயரெடுத்த ஓட்டுநர் நிதானத்தில்தான் இருந்தாரா என்று..." (பட்டப்பெயரைக் கதைக்காகச் சூட்டினேன் என்பீர்கள். இல்லை. மஞ்சள் விளக்கைக் கண்டாலே நிறுத்துகிறார் என்று பயணிகள் எரிச்சலில் வைத்தது.)

மூன்றாம் தொடக்கம்: "நான் ஒரு சொல்லைத்

(கை ஓடவில்லை. மேலே போகிறேன்.)

3.

ஊதும் சோதனையில் பூஜ்யம். அடுத்தது சிறுநீர். கோப்பையில் ஒரு கோடு உண்டு. மூன்று மணி நேரத்துக்குள் அதுவரை தர வேண்டும். முடியாதவரை டாக்டரிடம் அனுப்புவார்கள். மறுத்தவருக்கு டாக்டர் கிடையாது. மறுப்பு, தோல்விக்குச் சமம், வேலை நீக்கம்.

ஓட்டுநர் ஆறு டம்ளர் தண்ணீர் குடித்தார். குழாயைத் திறந்துவிட்டுப் பார்த்தார்.

"என்னண்ணே, உள்ள அணைக்கட்டா கட்டி வச்சிருக்கீங்க?" என்று மேற்பார்வையாளர் குரல் கொடுத்தார்.

"நீங்க வாட்சைப் பாத்துக்கிட்டு வெளிய உக்காந்திருந்தா எப்படி சார் வரும்?"

நேரம் முடிந்தது. ஓட்டுநர் இன்னும் கழிப்பறைக்குள் இருக்க, அந்த அம்மா ஸ்டூலில் இருந்தபடியே வெளியே எனக்குச் சொன்னார்: "மாட்டேங்குது. எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டேன். ஏழாம் கட்டம், காரணம்: 'மறுத்தார்.'*

அந்த அம்மா படிக்காமல் கையெழுத்திட்டார். மேற்பார்வையாளரும் அப்படியே. நிதானத்தின் மூக்குக்கண்ணாடி பஸ்ஸிலேயே இருந்தது. படிக்க முடியாமல், அந்த அம்மா காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். பத்தாவது நிமிடம் ஓடி வந்தார். "வந்துருச்சு சார், வந்துருச்சு!" அதற்குள் சோதனைப் பெட்டியை மூடி முத்திரை வைத்தாயிற்று.

(* பஸ் கிளம்ப மாட்டேங்குது. தூக்கம் வர மாட்டேங்குது. இங்கே யாரும் எதையும் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் சிற்றூர்ப் பள்ளியில் பேச்சுமொழியை எழுதினால் சிவப்பு மையில் சுழிப்பார்கள். காதில் விழுந்ததை அந்தக் கணமே திருத்தி எழுதும் கை எனக்கு. 'மாட்டேங்குது' அஃறிணை. 'மறுத்தார்' உயர்திணை. மூத்திரப்பை செய்ததை மனிதர் தலையில் கட்டிவிட்டேன்.)

4.

அவர் ஓடி வந்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை. ஏழு நாள்.

இடையில் அவரையே சந்தேகித்துப் பார்த்தேன். வேண்டுமென்றே அடக்கியிருந்தால்? உள்ளே ஏதாவது மறைக்க இருந்தால்? (உண்மையைச் சொல்கிறேன்: அப்படி இருக்க வேண்டுமென்று ஆசைப்பட்டேன். அப்போது என் சொல் சரியாகிவிடும்.) பத்தாவது நிமிடமே கோப்பையைத் தேடி ஓடி வந்த பாத்திரம் ஒத்துழைக்கவில்லை.

டிப்போவில் எல்லோருக்கும் கடிதம் எழுதித் தருபவன் நான். வேலை நீக்க உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு செய்யக் கடைசி நாளான இன்று, மதியம் மூன்று மணிக்கு, என்னிடமே வந்து உட்கார்ந்தார்.

"அஞ்சு மணிக்குள்ள போய்ச் சேரணுமாம். அந்தம்மா என்னத்த எழுதித் தொலைச்சாங்களோ. நான் மறுக்கலைன்னு நறுக்குன்னு ஒரு லெட்டர் போடுங்கண்ணே."

5.

முடிவு அ: சூழ்நிலையே காரணம் என்று வழுவழுவென எழுதுகிறேன். தள்ளுபடி ஆகிறது. நான் அதே நாற்காலியில்.

முடிவு ஆ: பழி அந்த அம்மா மேல். நம்புவார்கள். அவரும் ஒரு ஊழியர்தான் என்பதை

முடிவு இ: "எழுதினது நான்," என்றேன்.

 "அதான பாத்தேன். எழுத்து முத்து முத்தா இருந்துச்சுன்னு மேனேஜரே சொன்னாரு," என்றார்.

திட்டியிருக்கலாம்.

"உங்களுக்கு என்ன ஆகும்?"

"தப்பாப் பதிஞ்சவன் மேல நடவடிக்கைன்னு விதி இருக்கு."

"வேலை போயிருமா?"

"போகலாம்."

"இருபத்தாறு வருஷம் ஓட்டியிருக்கேன்," என்றார். அவ்வளவுதான். எழுதுங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

6.

ஐயா,

ஏழாம் கட்டத்தில் 'மறுத்தார்' என்று எழுதியவன் நான். என் காதில் விழுந்தது 'மாட்டேங்குது' என்ற சொல். இவர் மறுக்கவில்லை; இவருக்கு வரவில்லை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எழுத்தராகிய எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

படித்துக் காட்டினேன். தலையை மட்டும் ஆட்டினார். மணி நாலரை.

உறையின் பசையை நாக்கால் நனைக்கப் போனேன். வாய் காய்ந்து கிடந்தது. மறுபடி முயன்றேன். நாக்கு அட்டைபோல ஒட்டிக்கொண்டது.

"என்னண்ணே?"

"எச்சில்... வர மாட்டேங்குது."

என்னையே பார்த்தார். ஏழு நாளில் முதல் முறையாகச் சிரித்தார். மேசையிலிருந்த டம்ளரை என் பக்கம் தள்ளினார். "குடிங்க. நான் வாட்சைப் பாக்க மாட்டேன்."

குடித்தேன். ஒட்டினேன். அலுவலகத் தபால் பெட்டியில் நாலு நாற்பதுக்கு உறை விழுந்த சத்தம் கேட்டது. என்ன பதில் வரும் என்று நான் எழுதப்போவதில்லை. படிவத்தின் கடைசிக் கட்டம் உங்களுக்கு. ஒன்று மட்டும்: நிரப்புமுன் கதவுக்கு உள்ளே போய்க் கேட்டுவிடுங்கள்.