ஐந்நூற்றுப் பதினொன்று

அன்று ஏழாவது ஆளாகப் பேயாண்டிக்கு ஊசி போட்டபோது ஐரினுக்குக் கால் இரண்டும் கடுத்தன. மதுரையில் ஒரு ஸ்கேன் மையத்தில் ஒன்பது வருஷமாக இதே வேலை. பேயாண்டி எழுமலை விவசாயி. கழுத்து நெறிகட்டியில் புற்றுநோய் வந்து, ஆறு கீமோ முடிந்து, மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வந்திருந்தார்.

"ஒரு மணி நேரம் தனியா இருக்கணும்ணே. உங்க உடம்புலருந்து கதிர் வரும்."

"எப்படித் தாயி?"

எத்தனை பேருக்குத்தான் சொல்வது! ஆனாலும் சொன்னாள். "மருந்துலருந்து ஒரு துகள் கிளம்பும். உங்க உடம்புல இருக்குற எலக்ட்ரானுக்கு அது நேர் எதிரி. ரெண்டும் சேந்ததும் ரெண்டுமே இல்லாமப் போயிரும். அந்த எடை முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத ரெண்டு ஒளியாகி, ஆளுக்கொரு பக்கமாப் பாயும். ஒவ்வொண்ணுக்கும் ஐந்நூத்திப் பதினொண்ணு கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுன்னு ஒரே கணக்குல சக்தி. அதைப் பிடிச்சுத்தான் மிஷின் படம் போடுது."

"சாம்பல்கூட மிஞ்சாதா?"

"மிஞ்சாதுண்ணே."

"அம்புட்டுச் சக்தியா எனக்குள்ள? ஒரு வாளித் தண்ணி தூக்க முடியல!"

அன்றைக்கு முதல் தடவையாக ஐரின் சிரித்தாள்.

நாலு மணிக்கு அவரை மிஷினில் படுக்க வைத்ததும் கரண்ட் போனது. மிஷின் மறுபடி தயாராக முக்கால் மணி நேரமாகும். நாளைக்கு வரச் சொல்லிவிடலாம் என்றார் மேனேஜர். நாளைக்கு என்றால் மறுபடி பட்டினி, மறுபடி ஊசி, உசிலம்பட்டியில் பஸ் மாறி மறுபடி இம்புட்டுத் தூரம். ஐரின் டாக்டருக்குப் போன் போட்டாள்.

"மருந்து பாதிக்கிட்ட இன்னும் இருக்கு சார். படம் எடுக்குற நேரத்தை ரெண்டு மடங்காக்கினா படம் விழுந்துரும்."

"உனக்கு லேட்டாகுமே?"

"இருக்கேன் சார்."

கையைத் தலைக்கு மேல் வைத்தபடி நாற்பது நிமிஷம் பேயாண்டி அசையவே இல்லை. திரையில் மூளையும் மூத்திரப்பையும் எல்லாருக்கும் போலப் பளிச்சென்று எரிந்தன. நோய் இருந்தால் எரிந்திருக்க வேண்டிய கழுத்து இருண்டு கிடந்தது. பழைய படத்தை எடுத்து ஒப்பிட்டாள். அதில் எரிந்த இடமெல்லாம் இப்போது இருட்டுதான்.

"எப்படி இருக்கு தாயி?"

அதைச் சொல்ல அவளுக்கு அனுமதியில்லை. "டாக்டர் நாளைக்குச் சொல்வார்ணே."

முகத்தில் வந்த சிரிப்பை மறைத்துக்கொள்ளும் தெம்புகூட அவளுக்கு இல்லை. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துண்டால் கண்ணைத் துடைத்தார். "சரி தாயி. நாளைக்கே கேட்டுக்கிறேன்."

மறுநாள் ரிப்போர்ட்டில் நோய் இல்லை என்று வந்தது. அவளிடம் சொல்லிவிட்டுப் போக வந்த பேயாண்டி, உள்ளே அவள் யாருக்கோ ஊசி போட்டுக்கொண்டிருந்ததால், கதவோரம் வெகுநேரம் நின்றுவிட்டுப் பஸ்ஸுக்கு நேரமாச்சென்று போய்விட்டாராம்; மேனேஜர் சொன்னார். ஐரின் கையுறையைக் கழற்றிவிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள்.